இருவர், ஓர் அறை, நிறைய எக்கோ: டிரீம் பாப் பதிவில் வரும் பிசகுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழிகளும்

தம்பதியாகச் சேர்ந்து டிரீம் பாப், அதாவது எக்கோவில் மிதக்கும் மென்மையான கிடார் இசை, செய்வதற்கு நல்ல முன்னோடிகள் உண்டு. கேலக்ஸி 500 குழு 1991இல் கலைந்த பிறகு டேமன் குருகோவ்ஸ்கியும் நயோமி யாங்கும் இருவராகவே தொடர்ந்தார்கள். அமெரிக்காவின் டுலுத் நகரில் 1993இல் தொடங்கிய லோ, ஆலன் ஸ்பார்ஹாக், மிமி பார்க்கர் தம்பதியைச் சுற்றி அமைந்த குழு. மிமி நின்றுகொண்டே வாசித்த டிரம்ஸ் செட் மிகச் சிறியது. லோவின் பழைய பதிவுகளை ஹெட்போனில் கேளுங்கள். கிடார் எவ்வளவு தூரம் விலகிப் போனாலும் குரல்கள் இரண்டும் பக்கத்திலேயே நிற்கும்.

வீட்டில் பதிவு செய்பவர்கள் தவறவிடுவது அதைத்தான். கீழே வரும் பிசகுகளில் பாதி, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு எக்கோ போட்டதால் வருபவை. மீதி, இரண்டு பேர் ஒரே அறையில், ஒரே கம்ப்யூட்டரில், ஒரே நேரத்தில் வேலை செய்வதால் வருபவை.

எந்தப் பிசகாக இருந்தாலும் முதல் சோதனை ஒன்றுதான். எல்லா ரிவர்பையும் (அறை எதிரொலி) டிலேயையும் (தள்ளித் திரும்ப வரும் எக்கோ) கோரஸையும் அணைத்துவிட்டு, பாட்டை வெறுமனே ஒருமுறை கேளுங்கள். அப்போதும் பிசகு இருந்தால் கோளாறு வாசிப்பிலோ மைக்கிலோ கேபிளிலோ இருக்கிறது, அதை எந்தப் பிளக்-இன்னும் (கம்ப்யூட்டரில் போடும் எஃபெக்ட்) தீர்க்காது. பிசகு மறைந்துவிட்டால் எஃபெக்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள். எது வந்ததும் கெடுகிறதோ அதுதான் குற்றவாளி.

குரல் மிதக்காமல் மூழ்கிப்போகிறது

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். குரலின் லெவலை ஏற்ற ஏற்ற சத்தம் கூடுகிறதே தவிர, வார்த்தை புரிவதில்லை. காரணம், ரிவர்ப் குரலோடு ஒரே நொடியில் தொடங்கிக் குரலின் மேலேயே படிந்துவிடுகிறது.

ரிவர்பைக் குரல் டிராக்கிலேயே போட்டிருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். தனியாக ஒரு ஆக்ஸ் டிராக் (எஃபெக்டுக்கான துணைத் தடம்) திறந்து, அதில் ரிவர்பை முழு வெட்டாக (wet, அசல் ஒலி கலக்காமல் எதிரொலி மட்டும்) வைத்து, குரலின் நகலை அங்கே சென்ட் வழியாக அனுப்புங்கள். பிரீ-டிலே (ரிவர்ப் தொடங்கும் முன் விடும் இடைவெளி) 40 முதல் 70 மில்லி செகண்ட் வரை இருக்கட்டும். அந்த இடைவெளியில் வார்த்தையின் முதல் எழுத்து தப்பித்து வெளியே வந்துவிடும். ரிவர்ப் திரும்பி வரும் இடத்தில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 6 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டுங்கள். கீழே வெட்டினால் கசகசப்பு போகும், மேலே வெட்டினால் 'ஸ்', 'ஷ்' ஒலிகள் தெறிப்பது நிற்கும். டிகே (எதிரொலி அடங்க எடுக்கும் நேரம்) 2.5 விநாடியில் தொடங்குங்கள். ஒரு வரியின் வால் அடுத்த வரி தொடங்கும்போது பெரும்பாலும் அடங்கியிருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் நீண்ட ரிவர்ப்தான் வேண்டும் என்றால் டக்கிங் செய்யலாம். ரிவர்ப் டிராக்கில் ஒரு கம்ப்ரஸர் (சத்தத்தை அமுக்கும் கருவி) போட்டு, எப்போது அமுக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லும் சைட்செயின் உள்ளீட்டுக்கு வெறும் குரலைக் கொடுங்கள். ரேஷியோ 4:1, அட்டாக் (அமுக்க எடுக்கும் நேரம்) 10 மில்லி செகண்ட், ரிலீஸ் (பிடியை விட எடுக்கும் நேரம்) 300 மில்லி செகண்ட். பாடும்போது கம்ப்ரஸரின் முள் 4 முதல் 6 டெசிபல் குறைப்பைக் காட்டும்வரை திரெஷோல்டை (அமுக்கல் தொடங்கும் அளவு) இறக்குங்கள். பாடும் நேரத்தில் ரிவர்ப் ஒதுங்கி நிற்கும், வரி முடிந்ததும் மேலெழும்பி இடத்தை நிரப்பும். அந்த எழுச்சி மெதுவாக வர வேண்டும். பொசுக்கென்று குதித்தால் ரிலீஸ் குறைவு, 450 வரை ஏற்றிப் பாருங்கள். அடுத்த வரி வந்த பிறகும் எழும்பாமலே இருந்தால் ரிலீஸ் அதிகம்.

இன்னொரு காரணமும் உண்டு. கிடாரைப் பெடல் ரிவர்போடு பதிவு செய்துவிட்டால் அதைப் பிறகு பிரித்தெடுக்க முடியாது. பெடலுக்கு முன்னால் ஒரு டிஐ பெட்டி (கிடார் ஒலியைப் பிரித்து நேராகப் பதிவுக்கு அனுப்புவது) வைத்து, வெறும் கிடாரைத் தனி டிராக்கில் எப்போதும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். வாசிப்பவர் பெடல் ஒலியைக் கேட்டு வாசிக்கட்டும். மிக்ஸிங்கில் குரலுக்கு இடம் போதாதபோது அந்த வெறும் டிராக்தான் காப்பாற்றும்.

இரண்டு குரலும் சேர்ந்ததும் வார்த்தை சிதறுகிறது

தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் நன்றாக இருக்கும், சேர்த்தால் குழம்பும். மெய்யெழுத்துகளில் பாருங்கள். ஒருவருடைய 'ட்' ஒரு நொடித்துளி முன்னே, மற்றவருடையது பின்னே விழுகிறது. ரிவர்பில் போனதும் அது நாலு 'ட்' ஆகிவிடும். யார் முதன்மைக் குரல் என்பதை முடிவு செய்யுங்கள். துணைக்குரல் பாடுபவர் வரியின் கடைசி மெய்யை விழுங்கிவிட்டு உயிரை மட்டும் பிடித்திருக்கட்டும். கேட்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது, முதன்மைக் குரலின் மெய்யே இருவருக்கும் போதும். துணைக்குரலில் 250 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் 2 அல்லது 3 டெசிபல் குறையுங்கள். டி-எஸ்ஸரை ('ஸ்' ஒலியை அடக்கும் கருவி) ரிவர்புக்குப் போகும் சென்டுக்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள்.

ஒரே நேரத்தில் பாடிப் பதிவதானால், முன்னும் பின்னும் கேட்கும், எட்டு வடிவப் பிடிப்புள்ள ஒரே மைக்கின் இரு பக்கமும் எதிரெதிரே நிற்பது இருவருக்கு மிக அழகாக அமையும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பாடும்போது மூச்சு தானாகச் சேரும். பாலன்ஸை ஃபேடரால் (லெவலை ஏற்றி இறக்கும் தள்ளுப்பிடி) சரிசெய்ய முடியாது என்பதால், சத்தமாகப் பாடுபவர் அரையடி பின்னால் போக வேண்டும். அந்த மைக்கின் பின்பக்கம் எதிர் பொலாரிட்டியில் (ஒலி அலை தலைகீழாக) பதியும். இது தனியாக இருந்தால் பாதகமில்லை. அறையில் இன்னொரு மைக்கும் திறந்திருந்தால் பின்பக்கம் நிற்பவரின் குரல் மெலிந்து போகலாம், அப்போது அந்த இரண்டாவது மைக்கை மூடிவிடுங்கள்.

முன்பக்கத்தையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்ட் மைக் தனித்தனியாக என்றால் ஒவ்வொரு மைக்கின் முதுகும் மற்றவரைப் பார்த்தபடி இருக்கட்டும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது இரண்டு மைக்குகளுக்கும் நடுவே இருக்க வேண்டும்.

நன்றாகப் பாடுகிறவர் ஹெட்போன் போட்டதும் சுருதி விலகுகிறார்

பாடுபவரைக் குறை சொல்லாதீர்கள், அவருக்குக் கேட்பது என்ன என்று பாருங்கள். கோரஸ் என்பதே சுருதியை மேலும் கீழும் லேசாக ஆட்டி, அசலோடு கலக்கும் எஃபெக்ட். டிரெமொலோ ஆர்மை (கம்பிகளைத் தளர்த்தி இறுக்கும் கைப்பிடி) பிடித்தபடியே வாசிக்கும் கிடாரில் முழுக் கார்டும் சரிந்து சரிந்து எழும். இவை காதில் நிறைந்திருக்கும்போது 'ஸ' எங்கே என்று யாராலும் உறுதியாகப் பிடிக்க முடியாது.

பாடுபவருடைய ஹெட்போனுக்குத் தனி மிக்ஸ் கொடுங்கள்: வெறும் பாஸ், எஃபெக்ட் இல்லாத ஆர்கன் அல்லது பியானோ, தாளம், அவருடைய குரல், அதன் மேல் கொஞ்சம் ரிவர்ப். மாடுலேஷன் (ஒலியை ஆட்டும் எஃபெக்ட்) உள்ள எதுவும் வேண்டாம். ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடினால் இன்னும் எளிது, ஆனால் அந்தப் பக்க ஹெட்போன் சத்தம் மைக்கில் கசியாமல் தலையோடு அழுத்தி வைத்துக்கொள்ள வேண்டும். இன்டர்ஃபேஸில் (மைக்கையும் கிடாரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) ஒரே ஹெட்போன் துளைதான் உண்டு என்றால் ஒய் கேபிளைத் தவிர்த்து, இரண்டு வால்யூம் உள்ள சிறிய ஹெட்போன் ஆம்ப் ஒன்று வாங்குங்கள். இருவருக்கும் ஒரே சத்தம் பிடிக்காது.

பழைய ஆர்கன், டேப் மெஷின் ஏதாவது இருந்தால் அதன் சுருதி வழக்கமான 440 ஹெர்ட்ஸில் நிற்கும் என்று நம்பாதீர்கள். மாற்ற முடியாத கருவி எதுவோ அதற்கு மற்ற எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய அனலாக் சிந்தசைஸரைப் போட்டு அரை மணி நேரம் சூடாக விட்ட பிறகே டியூன் செய்யுங்கள்.

பாடும்போது தன் குரலே பொந்துக்குள் இருந்து வருவது போலக் கேட்கிறது

டைரக்ட் மானிட்டரும் (இன்டர்ஃபேஸிலிருந்து நேராக வரும் குரல்) சாஃப்ட்வேர் மானிட்டரும் (கம்ப்யூட்டர் வழியாகத் தாமதித்து வரும் குரல்) ஒரே நேரத்தில் திறந்திருக்கின்றன. ஒன்றை மூடுங்கள். சாஃப்ட்வேர் வழியாகத்தான் கேட்க வேண்டும் என்றால் பஃபரை (கம்ப்யூட்டர் ஒருமுறைக்குச் சேர்த்து வைக்கும் ஒலியின் அளவு) 128 சாம்பிளுக்கு இறக்குங்கள். 48 கிலோ ஹெர்ட்ஸில் 128 என்பது ஒரு வழிக்கு 2.7 மில்லி செகண்ட், 1024 என்றால் 21. போக வர இரட்டிப்பாகும், டிரைவர் எடுக்கும் நேரம் வேறு. மிக்ஸிங்குக்குப் போகும்போது 1024க்குத் திரும்ப ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கனமான ரிவர்ப் பிளக்-இன்கள் படபடவென்று வெடிக்கும்.

டிரெமொலோ ஆர்மைத் தொட்டாலே கிடார் சுருதி கலைகிறது

ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர், ஜாகுவார் வகையில் இது வழக்கமான புகார். ஜாஸ்மாஸ்டர் 1958இல் வந்தபோது அதற்குத் தடித்த கம்பிகளே வழக்கம். இன்று 9 அல்லது 10 கேஜ் (கம்பியின் தடிப்பு) மாட்டினால் பிரிட்ஜின் (கம்பிகள் அமரும் பாலம்) மேல் போதிய அழுத்தம் இல்லாமல் கம்பி பள்ளத்தை விட்டுத் துள்ளும், இரையும். 11 கேஜ் செட்டுக்கு மாறுங்கள். அதற்கும் இரைந்தால் கழுத்தின் அடியில் ஒரு டிகிரிக்கு மிகாத மெல்லிய ஷிம் (ஆப்புத் துண்டு) வைத்து, பிரிட்ஜை உயர்த்தினால் கம்பி விழும் கோணம் கூடும். டியூன் செய்யும்போது 'டிங்' என்று சத்தம் வந்தால் கம்பி நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் உள்ள பள்ளக்கட்டை) மாட்டுகிறது. பென்சில் கரியை அந்தப் பள்ளத்தில் தேய்த்தால் போதும்.

ஆர்மை அழுத்தி விட்டதும் பிரிட்ஜ் முன்பக்கமோ பின்பக்கமோ சாய்ந்தபடியே நிற்கிறதா என்றும் பாருங்கள். அந்த பிரிட்ஜ் ஆடுவதற்காகவே செய்யப்பட்டது. ஆடிவிட்டு நடுவுக்குத் திரும்பாவிட்டால் சுருதி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் நிற்கும். கையால் நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி டியூன் செய்யுங்கள்.

உறுமல், கீச்சல், இரைச்சல்

எந்த ஒலி என்று பிரித்துக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தாழ்வான ஹம், நீங்கள் கிடாரோடு திரும்பும்போது கூடிக் குறைந்தால் அது சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை வாங்கும் காந்தச் சுருள்) பிடிக்கும் மின்காந்த ஒலி. எது குறைவாக வருகிறதோ அந்தத் திசையில் உட்கார்ந்து வாசியுங்கள். மானிட்டர், அடாப்டர், டிம்மர் விளக்கு ஆகியவற்றிலிருந்து தள்ளி இருங்கள்.

திரும்பினாலும் மாறாத ஹம், இரண்டு கருவிகள் வெவ்வேறு பிளக் பாயின்டில் இருப்பதால் வரும் கிரவுண்ட் லூப். இருவருடைய ஆம்ப், இன்டர்ஃபேஸ், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகைக்குக் கொண்டுவாருங்கள். எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள், உலோகக் கம்பியைக் கையில் பிடித்தபடி உலோக மைக்கில் உதடு வைக்கிற வேலை இது.

மெல்லிய கீச்சல், அதுவும் டிலே பெடலைப் போட்டதும் வந்தால், பெடல்கள் எல்லாம் ஒரே டெய்ஸி செயினில் (ஒரே அடாப்டரிலிருந்து வரிசையாகப் போகும் மின்கம்பி) ஓடுகின்றன. டிஜிட்டல் ரிவர்ப், டிலேக்கள் 100 முதல் 300 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், சாதாரண ஓவர்டிரைவுக்குப் பத்துப் பதினைந்தே போதும். இரண்டும் ஒரே கம்பியில் இருந்தால் டிஜிட்டல் பெடலின் கிளாக் ஒலி மற்றதில் கசியும். ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாக மின்சாரம் தரும் ஐசொலேட்டட் பவர் சப்ளையே நிரந்தரத் தீர்வு. பழைய பாணி பிஎன்பி ஜெர்மேனியம் ஃபஸ் பெடலை மற்றவற்றோடு ஒரே செயினில் மாட்டவே கூடாது. அதன் பாசிட்டிவ் பக்கம்தான் கிரவுண்ட், மற்ற பெடல்களுக்கு நெகட்டிவ். சேர்ந்தால் ஷார்ட் ஆகும். அதற்குத் தனி பேட்டரி போடுங்கள், கிடாருக்கு அடுத்ததாக முதலிலேயே வையுங்கள். முன்னால் பஃபர் (ஒலியை வலுவாக்கி அனுப்பும் சுற்று) உள்ள பெடல் வந்தால் அதன் ஒலி கூராகி எரிச்சலூட்டும்.

டேப் எக்கோ தள்ளாடுகிறது, மங்குகிறது

ரோலண்ட் 1974இல் கொண்டுவந்த ஆர்இ-201 ஸ்பேஸ் எக்கோ இந்த இசையின் முதுகெலும்பு மாதிரி. வாங்கியவர்கள் பெரும்பாலும் அதைச் சுத்தம் செய்வதில்லை. எக்கோ மட்டும் மங்கலாகி, நேரடி ஒலி தெளிவாக இருந்தால் ஹெட்டில் அழுக்கு படிந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, டேப்பை ஓரமாக நகர்த்துங்கள். ஐசோபிரைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் அழிக்கும் ஹெட், பதியும் ஹெட், மூன்று பிளேபேக் ஹெட்டுகள் எல்லாவற்றையும் துடையுங்கள். குச்சியில் பழுப்பு நிறம் ஒட்டுவது நிற்கும்வரை குச்சியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். டேப்பை இழுக்கும் காப்ஸ்டன் தண்டையும் அப்படியே. ரப்பர் பிஞ்ச் ரோலருக்கு மட்டும் ஆல்கஹால் வேண்டாம், ரப்பர் காய்ந்து வெடிக்கும். நனைத்துப் பிழிந்த துணி போதும். நன்றாக உலர்ந்த பிறகே டேப்பைத் திரும்ப வையுங்கள்.

துடைத்தும் தள்ளாட்டம் நிற்கவில்லை என்றால் டேப் லூப் தேய்ந்திருக்கிறது அல்லது அதன் ஒட்டு மடிந்திருக்கிறது. சுற்றுக்கு ஒருமுறை தவறாமல் 'டுப்' என்று கேட்டால் அது ஒட்டுதான். புது லூப் மாற்றுங்கள். லேசான தள்ளாட்டத்தை விட்டுவைப்பதே எங்கள் விருப்பம், அதற்காகத்தானே டேப்பை வாங்கினோம். ஜப்பான் சந்தைக்கான கருவியாக இருந்தால் பின்பலகையைப் படியுங்கள். 100 வோல்ட் என்றிருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் 230இல் செருகக் கூடாது.

ரிதம் பெட்டி தறிகெட்டு ஓடுகிறது

இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசும் பொது முறையான மிடி 1983இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ரோலண்ட் டிரம் மெஷின்களின் டின் சிங்க் (வேகத்தைச் சேர்த்துவைக்கும் இணைப்பு) ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்பு அனுப்பும். கோர்க்கின் வோல்கா வரிசைச் சிறு கருவிகள் எதிர்பார்ப்பது 2. நேராகக் கொடுத்தால் பன்னிரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும். நடுவில் கிளாக் பிரிக்கும் பெட்டி வேண்டும். ஆர்கனோடு வந்த பழைய ரிதம் பெட்டிக்கு சிங்க் துளையே இருக்காது. அதை முதலில் முழு நீளத்துக்குப் பதிவு செய்துவிட்டு, கம்ப்யூட்டரின் டெம்போ மேப்பை அதற்கு இழுத்துப் பொருத்துங்கள். அதன் பிறகு டிலே நேரம்: 60,000ஐ பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) வகுத்தால் கால் நோட்டு. 96 பிபிஎம்மில் 625 மில்லி செகண்ட். அதை 0.75ஆல் பெருக்கினால் டாட்டட் எட்டு, சுமார் 469. கிடாருக்கு டாட்டட் எட்டும், குரலுக்குக் கால் நோட்டும் வைத்தால் இரண்டு எக்கோவும் பெரும்பாலும் ஒரே இடத்தில் மோதாது.

ரிவர்ஸ் ரிவர்ப் சரியாக வரவில்லை

இரண்டு வெவ்வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருவது. மை பிளடி வாலன்டைன் குழுவின் கிடார் கலைஞர் கெவின் ஷீல்ட்ஸ் பயன்படுத்திய யமஹா எஸ்பிஎக்ஸ்90 மாதிரியான பெட்டிகளில் வருவது, எதிரொலிகள் சிறிதாகத் தொடங்கிப் பெரிதாகி வெட்டுப்படும் அமைப்பு. அது ஒலியைத் திருப்பிப் போடுவதில்லை, அதனால் மேடையிலும் வாசிக்கலாம். உண்மையாகவே வார்த்தைக்கு முன்னால் ஊறி வரும் ஒலி வேண்டும் என்றால் கம்ப்யூட்டரில்தான் செய்ய வேண்டும். குரலின் முதல் வார்த்தையை நகல் எடுத்துத் திருப்புங்கள். அதன் பின்னால் இரண்டு பார் காலி இடம் விட்டு, முழு வெட்டில் 3 விநாடி ரிவர்ப் போட்டு ஆடியோவாக மாற்றுங்கள். மாற்றியதை மறுபடி திருப்புங்கள். அதன் முடிவு அசல் வார்த்தையின் தொடக்கத்தில் முட்டும்படி நகர்த்துங்கள். காலி இடம் விட மறந்தால் வால் வெட்டுப்பட்டு, திரும்பியதும் பாதியில் தொடங்கும்.

நாலு டிராக் கேசட்டில் திருப்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கேசட்டைப் புரட்டிப் போட்டதும் முதல் டிராக் நான்காவதாகவும் இரண்டாவது மூன்றாவதாகவும் மாறிவிடும். நான்கில் மனைவியின் குரல் இருக்க, திருப்பிய கிடாரை ஒன்றில் பதிந்தால் அந்தக் குரல் அழிந்தது அழிந்ததுதான். புரட்டும் முன் டிராக் வரிசையைத் தாளில் எழுதி மெஷின் மேல் ஒட்டுங்கள்.

போனில் கேட்டால் கிடாரையே காணவில்லை

மோனோவில் (இரு பக்க ஒலியையும் ஒன்றாகச் சேர்த்து) கேட்டுப் பாருங்கள். ஒரே கிடாரை நகல் எடுத்து 15 மில்லி செகண்ட் தள்ளி இரு பக்கமும் போட்டு அகலமாக்கியிருந்தால், மோனோவில் இரண்டும் பல இடங்களில் ஒன்றையொன்று தின்று, கிடார் மெலிந்துவிடும். நகலை அழித்துவிட்டு அதே பகுதியை இரண்டாம் முறை வாசியுங்கள். கைவாசிப்பில் வரும் சின்னச் சின்ன வேறுபாட்டுக்கு எந்த ஸ்டீரியோ பிளக்-இன்னும் ஈடாகாது.

மேடையில் மெல்லிய குரல் ஃபீட்பேக் ஆகிறது (ஸ்பீக்கர் ஊளையிடுகிறது)

மானிட்டர் ஸ்பீக்கருக்குப் போகும் குரலில் ரிவர்பை நிறுத்துங்கள், கூடத்துக்கு மட்டும் போகட்டும். உதட்டை மைக்குக்கு நெருக்குங்கள். தூரம் பாதியானால் 6 டெசிபல் கிடைக்கும். கிடார் ஆம்பைப் பாடுபவரின் பின்னால் வைத்தால் அது நேராகக் குரல் மைக்குக்குள் நுழைந்து, குரலின் எக்கோவிலும் ஊறும். பக்கவாட்டில் திருப்பி வையுங்கள்.

மிக்ஸிங் உட்கார்ந்தாலே சண்டை, பாட்டு முடியவே மாட்டேன் என்கிறது

இதையும் தொழில்நுட்பக் கோளாறாகவே பார்க்கலாம். அவர் கிடாரை ஒரு டெசிபல் ஏற்றுவார், இவர் குரலை ஏற்றுவார், அரை மணியில் மாஸ்டர் (மொத்த ஒலியின் அளவு) சிவப்புக்குப் போகும். ஒரு மாலை முழுக்க ஃபேடரை இறக்க மட்டுமே அனுமதி என்று வைத்துக்கொள்ளுங்கள். குரல் கேட்கவில்லையா, எது மறைக்கிறதோ அதை இறக்க வேண்டும். இரண்டு மிக்ஸை ஒப்பிடும்போது சத்த அளவைச் சமமாக்கிய பிறகே கேளுங்கள், சத்தமாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். ஒருவர் மாற்றி மாற்றிப் போட, மற்றவர் திரையைப் பார்க்காமல் எது பிடிக்கிறது என்று சொல்லட்டும்.

கன்ட்ரோல் எப்போதும் ஒருவர் கையிலேயே இருந்தால் மற்றவர் 'அந்த இடம் கொஞ்சம் இன்னும்...' என்று சோபாவிலிருந்து சொல்லும் நிலைக்குத் தள்ளப்படுவார். அவருக்கும் ஆட்டோமேஷன் (லெவல் மாற்றங்களைப் பதிந்து வைப்பது) எழுதவும் டிராக்குக்குப் பெயர் வைக்கவும் கற்றுக்கொடுங்கள். கிடாரின் லெவலைப் பாடியவரும், குரலின் லெவலைக் கிடார் வாசித்தவரும் அமைப்பது நல்ல ஏற்பாடு. தன் பிழையைத் தேடித் தேடிக் கேட்கிற காது அங்கே இருக்காது.

வெளியிடுவதற்கு முன்னால் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு மூன்றுக்கும் யாருக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். ராயல்டி சங்கத்தில் பதியும்போது இந்த விவரம்தான் கேட்பார்கள்.